செம்பும் களிம்பும்

சைவ சித்தாந்த நூலோர் உயிருக்கும் ஆணவமலத்துக்கும் உள்ள இயைபை விளக்கப் புகுங்கால் நெல்லின் உமியையும் செம்பின் களிம்பையும் உவமையாக எடுத்தாளுவர். செம்பு உள்ள அன்றே களிம்பும் உளது. இடையில் வந்து ஒட்டிய அழுக்கன்று அஃது என்பதே அவ்வுவமையின் கருத்து. மெய்ப்பொருள் உணர்த்த எழுந்த இவ்வுவமை, உலோகங்களின் இயல்பை ஆராயும் இரசாயன நூலார்க்கும் உடன்பாடாகும் என்பது வியத்தற்குரியது. துலக்கிய அன்று ஒளிவிட்டு, வைத்த சின்னாளில் மங்கி, நாட்பட நாட்படப் பச்சை பூப்பது செம்பின் இயல்பு என்பதனைப் பூசைப் பாத்திரம் விளக்கும் சிறுமியரும் அறிவர்.

இல்லத்துப் பாத்திரத்தைப் பொறுத்தவரை களிம்பு ஒரு சிக்கலன்று. புளியிட்டுத் துலக்கினால் முடிந்தது. பல நூற்றாண்டு மண்ணுட் கிடந்து வெளிப்பட்ட திருமேனி ஒன்றையோ, செப்பேட்டையோ, நாணயத்தையோ கையில் எடுத்தவர்க்கு அஃது எளிதன்று. மேலே படிந்த பச்சையை முற்றாக நீக்குவதா, அப்படியே விடுவதா? நீக்கின் எதனை இழப்போம்? விடின் எது அழியும்? இவ்வினாக்களுக்கு விடை தேடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் செய்த முயற்சியைச் சுருங்கக் கூறி, அம்முயற்சியிற் கண்ட உண்மை புசல்லாவை போன்ற மலைநாட்டு ஊர்களில் வாழும் நமக்கு எவ்வகையில் உரியதாகின்றது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலோகங்களுட் பொன் போன்ற மிகச் சிலவே நிலத்திற் பெரும்பாலும் தனிநிலையிற் கிடைப்பன. செம்பு, இரும்பு, ஈயம் முதலியன ஒட்சிசனோடும் கந்தகத்தோடும் பிறவற்றோடும் கூடித் தாதுமண்ணாகவே பெரிதும் கிடைக்கின்றன. மனிதன் அவற்றை உலையிலிட்டு, கரியும் நெருப்பும் துணையாகக் கொண்டு, உலோகத்தை வேறு பிரிக்கின்றான். உலையில் நெருப்புப் பிரித்ததைக் காற்றும் நீரும் மீளக் கூட்டுவிக்கின்றன. ஆகவே களிம்பும் துருவும் உலோகம் தன் பழைய நிலைக்குத் திரும்பிச் செல்லும் வழியிலே காணப்படும் அடையாளங்கள் என்க. 1936ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் வெளிப்பட்ட பொன்னேடு எழுத்துச் சிதையாது விளங்கியதற்கும், அக்காலத்துச் செப்புப் பொருள்கள் பல உருத்தெரியாது கிடைப்பதற்கும் காரணம் இதுவே. பொன் திரும்பிச் செல்ல வேண்டிய நிலை வேறொன்று இல்லை.

மண்ணுள் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தை அறுத்து நோக்கின், உலோகத்தை அடுத்துச் செந்நிற ஒட்சைட்டுப் படலமும், அதன்மேற் பச்சை நிறக் காபனேற்றுப் படலமும் அமைந்திருத்தலைக் காணலாம். சிலவிடத்து நீலமும் தோன்றும். இப்படலங்கள் செறிவாகவும் ஒருசீராகவும் படிந்துவிடின், அவையே உட்பகுதிக்குக் கவசமாகிவிடுகின்றன. மேலும் ஒன்று ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. சிற்பி உளி கொண்டு நகாசு செய்த மேற்பரப்பு, உலோகம் களிம்பாக மாறியபோது அக்களிம்பின் உள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. முத்துவடத்தின் மணியும், ஆடையின் மடிப்பும், செப்பேட்டின் எழுத்தும் களிம்பின் வடிவிலே எஞ்சியிருத்தல் கூடும். அதனைச் சுரண்டி எறிந்தால் கீழே கிடைப்பது பளபளப்பான உலோகம். சிற்பியின் கைத்திறன் அதில் இராது.

இவ்வாறாயின் களிம்பைத் தொடாது விடுதலே நன்று எனத் தோன்றும். அதுவும் முழு உண்மையன்று. களிம்பு வகையுட் கொடியது ஒன்று உண்டு. உப்புச் செறிந்த மண்ணிலோ கடலை அடுத்தோ கிடந்த வெண்கலத்தின் உள்ளே, செம்பும் குளோரினும் சேர்ந்த வெளிறிய மெழுகு போன்ற சேர்வை ஒன்று மறைந்து தங்குகின்றது. மண்ணுள் இருக்கும்வரை அஃது அடங்கிக் கிடக்கும். அகழ்ந்தெடுத்துக் காற்றுப்பட வைத்ததும் ஈரத்தையும் ஒட்சிசனையும் பெற்று, வெளிர்பச்சைப் பொடியாக மாறி, அம்மாற்றத்தின்போது ஐதரோக்குளோரிக் கமிலத்தை உண்டாக்குகின்றது. அவ்வமிலம் நல்ல செம்பைத் தாக்கி மீண்டும் அதே சேர்வையைத் தோற்றுவிக்கின்றது. அச்சேர்வை மீண்டும் பொடியாகி மீண்டும் அமிலம் பிறக்கின்றது. உண்ண உண்ணக் குறையாத பசி போன்ற இச்சுழற்சியைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பெர்தலோ 1894ஆம் ஆண்டளவில் விளக்கினார். புள்ளிபுள்ளியாகத் தொடங்கி, பொருள் முழுவதையும் பொடியாக்கவல்ல இதனை வெண்கல நோய் என்ற பெயரால் வழங்குவர். ஆயிரம் ஆண்டு மண்ணில் நிலைத்த திருமேனி நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோன செய்திகளின் மருமம் இதுவே.

நல்ல படலமும் நோய்ப்பொடியும் நிறத்தால் ஓரளவு ஒத்தவை. ஆயினும் வேறு பிரித்தறிதல் அரிதன்று. முன்னது கரும்பச்சையாய்க் கெட்டியாய் ஒட்டி நிற்கும். பின்னது வெளிறிய பச்சையாய் மாவு போன்று விரலில் ஒட்டும்; துடைத்துவிட்டாலும் மழைநாளில் மறுபடியும் தோன்றும். ஈரப்பதன் நூற்றுக்கு 40க்குக் கீழிருப்பின் நோய் பெரிதும் அடங்கிவிடும் என்பர். புசல்லாவையோ கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலே, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், முகிலும் மழையும் நீங்காத மலைச்சாரலில் அமைந்தவூர். இங்கு ஈரப்பதன் அவ்வளவிற்கு இறங்கும் நாள் அரிதினும் அரிது. தேயிலைக்கு நலஞ்செய்யும் காற்றே பழைய வெண்கலத்துக்குத் தீங்கு செய்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இந்நோய்க்கு மருந்து தேடிய வரலாற்றைக் காண்பாம். பண்டைப் பொருள்களைப் பேணுதற்கென இரசாயன ஆய்வுகூடம் ஒன்றை முதன்முதல் நிலைபெறச் செய்த பெருமை பேர்ளின் அரச நூதனசாலைகளுக்கு உரியது. 1888ஆம் ஆண்டில் ஆங்கு நியமனம் பெற்ற பிரிடிறிக் இரத்கென் என்னும் இரசாயன அறிஞர், பத்து ஆண்டு அனுபவத்தின் பயனாக 1898இல் இத்துறை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அந்நூல் 1905இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் இத்துறை வளர்ந்ததற்கு ஒரு பெருந்தீங்கு காரணமாயிற்று. முதலாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நூதனசாலைப் பொருள்கள் பல நிலத்தடி இருப்புப்பாதைச் சுரங்கங்களில் ஒளித்து வைக்கப்பட்டன. போர் ஓய்ந்தபின் வெளியே எடுத்தபோது, குண்டுக்குத் தப்பிய பொருள்கள் சுரங்கத்து ஈரத்துக்குத் தப்பவில்லை எனக் கண்டனர். இரும்பு துருவேறியும் வெண்கலம் பச்சை பூத்தும் கிடந்தன. காரணத்தை ஆராயுமாறு 1919இல் அலெக்சாந்தர் ஸ்கொற் என்னும் இரசாயன அறிஞரை வேண்டினர். அடுத்த ஆண்டில் நூதனசாலைக்கென ஆய்வுகூடம் எழுந்தது. 1924இல் அங்குச் சேர்ந்த ஹரோல்ட் பிளெண்டர்லீத் 1956இல் எழுதிய நூல் நெடுங்காலம் இத்துறையினர்க்குக் கைந்நூலாக விளங்கியது.

இந்தியாவிலே தொல்பொருள் ஆய்வுத்துறைக்கு 1917இல் முகம்மது சனாவுல்லா என்பார் இரசாயன அறிஞராக அமர்த்தப்பட்டார். அவர்தம் ஆய்வுகூடம் பின்னர்த் தேராதூனில் அமைந்தது. தமிழர்க்கு நேரே உரிய அத்தியாயம் சென்னையில் தொடங்குகின்றது. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, உழவர் ஏர்முனையிலும் குளந்தோண்டுவோர் மண்வெட்டியிலும் பட்டு வெளிப்பட்ட திருமேனிகள் சென்னை அரசினர் நூதனசாலையை வந்தடைந்தன. படையெடுப்புக் காலங்களில் அடியவர் அஞ்சி மண்ணுட் புதைத்தவை அவற்றுட் பல. மண்ணில் அமைதியுற்றுக் கிடந்த அத்திருமேனிகள், கடற்கரை நகரின் உவர்க்காற்றுப் பட்டதும் நோயுறத் தொடங்கின. அக்காலத்து நூதனசாலைத் தலைவராயிருந்த எப். எச். கிரேவிலி இதனைக் கண்டு வாளாவிருந்தாரல்லர். 1930ஆம் ஆண்டில் நூதனசாலையிலேயே இரசாயனப் பேணல் ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய நூதனசாலைகளில் இத்தகைய ஆய்வுகூடம் அதுவே முதலாவது. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன் என்னும் தமிழறிஞர்.

பரமசிவன் கையாண்ட முறைகளுட் சிறந்தது மின்முறை. நோயுற்ற திருமேனியை எரிசோடாக் கரைசலில் அமிழ்த்தி மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பர். இரும்புத் தகட்டை நேர்முனையாக்குவர். மின்னோட்டம் பாயப் பாயக் களிம்பு இளகி உலோகமாகவும் பொடியாகவும் பிரிய, உள்ளே ஒளிந்திருந்த குளோரைட்டு வெளியேறிக் கரைசலிற் சேரும். பின்னர்த் தூயநீரிற் பன்முறை கழுவுவர். கழுவிய நீரில் வெள்ளிநைத்திரேற்றுத் துளியை விட்டால் பால்போலத் திரியுமாயின் நஞ்சு இன்னும் நீங்கவில்லை என்று பொருள். தெளிவாக நின்றால் நீங்கிற்று என்று கொள்வர். இம்முறையால் அழிவின் வாயினின்றும் மீட்கப்பட்ட திருமேனிகள் பல. ஆதிச்சநல்லூரிலே அலெக்சாந்தர் இரீ 1899 முதற் சில ஆண்டுகள் அகழ்ந்தெடுத்த தாழிக்காட்டுப் பொருள்களையும், தஞ்சைப் பெரிய கோயிற் சுவரோவியங்களையும் ஆராய்ந்தவரும் இவரே.

மின்முறை நோயைத் தீர்த்தது. ஆயினும் அது நோயோடு நல்ல படலத்தையும் உரித்துவிடுவது. உலோகப் பகுதி பெரிதும் எஞ்சியுள்ள பொருளுக்கு அது பொருந்தும். உள்ளும் புறமும் களிம்பாகவே மாறிவிட்ட மெல்லிய பொருளை மின்கலத்திலிட்டால் கலத்தின் அடியில் மண்டியே எஞ்சும். ஆதலின் பிற்காலத்து அறிஞர் உரித்தலைக் குறைத்து உறுதிப்படுத்தலை விரும்பலாயினர். சோடியத்தின் காபனேற்று உப்புக்கள் கலந்த நூற்றுக்கு 5 வீதக் கரைசலில் பொருளை வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் ஊறவிட்டுக் கரைசலை மாற்றிக்கொண்டே வருவது ஒரு முறை. 1967இல் வெளிப்பட்ட மற்றொரு முறை, பென்சோதிரியசோல் என்னும் சேர்வையை மதுசாரத்திற் கரைத்துப் பூசுவது. அது செம்போடு கூடி மெல்லிய படலமாகி ஈரத்தைத் தடுத்து நிற்கும். அதன்மேற் பிசின் மெருகும் இடுவர். இச்சேர்வை உடலுக்கு ஊறு விளைப்பதாதலின் பயிற்சியில்லாதார் கையாளத்தக்கதன்று. எம்மருந்தாயினும் ஈரத்தை நீக்கிக் காவாவிடின் நோய் மீளும் என்பதில் எல்லோரும் ஒத்த கருத்தினர்.

நம் முன்னோர் புளியாலும் சாம்பலாலும் துலக்கியது அறியாமையோ எனின், அன்று. புளியில் உள்ளது தாத்தாரிக் கமிலம். அவ்வமிலத்தின் உப்பையே எரிசோடாவோடு கலந்து ஆய்வுகூடத்தாரும் களிம்பு கரைக்கப் பயன்படுத்தினர். பாட்டியின் கைமருந்தும் பண்டிதர் மருந்தும் ஓரினத்தவையே. வேற்றுமை மூன்றிடத்தில் உள்ளது. ஆய்வுகூடத்தார் எவ்விடத்தில் நிறுத்துவதென்று அறிந்து நிறுத்துவர், மருந்தின் எச்சம் சிறிதும் தங்காவகை கழுவுவர், உப்பை அணுகவிடார். நாம் புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்க்கின்றோம். சோற்றுப்பானைக்கு அதனாற் கேடில்லை; நாளும் கழுவி உலர்த்தப்படுவது அது. புரையோடிய பழைய வெண்கலத்தின் துளைகளிலே அவ்வுப்புப் புகுந்து தங்கின், இல்லாத நோயை நாமே வரவழைத்தவராவோம்.

களிம்பையும் மண்ணையும் அவசரப்பட்டுத் துடைத்தலாகாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரிலே 1976இல் மண்தோண்டிய தொழிலாளி ஒருவர் கையில் நடராசத் திருமேனி ஒன்று அகப்பட்டது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சென்று, கனடா நாட்டு வணிக நிறுவனம் ஒன்றால் 1982இல் விலைக்கு வாங்கப்பட்டு, பேணலுக்காகக் கொடுக்கப்பட்டிருந்தபோது காவற்றுறையினராற் கைப்பற்றப்பட்டது. அது பத்தூர்க் கோயிலுக்கு உரியதென நிறுவுதல் எங்ஙனம்? பத்தூரில் அகழ்ந்து கண்ட பிற திருமேனிகளோடு அதனை ஒப்பிட்டனர். வடிவத்தை ஒப்பிட்டதோடு அமையாது, ஒட்டியிருந்த மண்ணையும், உலோகத்தையும், கறையான் ஊர்ந்த சுவட்டையும் வல்லுநர் ஆராய்ந்தனர். 1988இல் இலண்டன் நீதிமன்றம் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைபெற, நடராசர் தாயகம் மீண்டார். விற்றவருள் ஒருவர் அதனை நன்றாகத் துலக்கியிருப்பின், சான்று கூறவந்த மண்ணும் கறையானும் அன்றே அழிந்திருக்கும். அழுக்கென்று நாம் எண்ணுவது சிலபோது நீதிமன்றம் ஏறிச் சாட்சி பகர்கின்றது.

இலங்கைக்கு வருவோம். 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிடையே ஆடவல்லான், உமையம்மை, சைவசமயாசாரியர் முதலாய பல திருமேனிகளை வெளிப்படுத்தியவர் எச். சி. பி. பெல். இலங்கையின் முதலாவது தொல்பொருள் ஆணையாளராகிய இவர் ஓய்வுபெற்றபின் கண்டியிலே வாழ்ந்து 1937இல் மறைந்தவர். அத்திருமேனிகள் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. கண்டியிலே தங்கிக் கைவினைஞரின் தொழின்முறைகளை எழுதி 1908இல் நூலாக்கிய ஆனந்த குமாரசுவாமி, 1914இல் இவ்வெண்கலங்கள் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். சேர். பொன்னம்பலம் அருணாசலம் இவற்றின் சமயப்பொருளை விளக்கினார். 1960இலும் பொலன்னறுவையில் மேலும் திருமேனிகள் கிடைத்தன. இவை ஈண்டே வார்க்கப்பட்டனவோ, சோழநாட்டிலிருந்து கொணரப்பட்டனவோ என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிகழ்ந்தது. இத்தகைய வினாக்களுக்குக் கலைநடை ஒன்றே விடை தாராது. உலோகத்திற் கலந்துள்ள ஈயத்தின் சமதானிகளை அளந்து, அது தோண்டப்பட்ட சுரங்கத்தை ஊகிக்கும் முறையைத் தென்னிந்திய வெண்கலங்களின்மேற் கையாண்டு வழிகாட்டியுள்ளார் சாரதா சிறீநிவாசன். இவ்வகைச் சோதனைக்குக் கடுகளவு உலோகம் போதும். ஆயின் அவ்வுலோகம் பிற்காலத்துப் பற்றுவைப்பும் மருந்தும் கலவாததாயிருத்தல் வேண்டும்.

நூதனசாலை செல்லாது மீண்டும் கோயிலை அடைந்த திருமேனிகளும் உண்டு. 1950இல் திருக்கோணமலையில் நகரசபையார் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை ஆகிய திருமேனிகள் வெளிப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தழித்த காலத்தில் அடியவர் புதைத்து வைத்தவை அவை என்பர். ஊர்வலமாக எடுத்துச் சென்று மகிழ்ந்த மக்கள் அவற்றைக் கோணேசர் கோயிலிலே எழுந்தருளச் செய்தனர். 2023 ஏப்பிரில் மாதத்திற் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண்ணெடுத்தபோது இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்த செய்தி அண்மையது.

கோயிலா நூதனசாலையா என்னும் வழக்கை இக்கட்டுரை தீர்க்கப் புகவில்லை. இரண்டிடத்தும் பேணல் முறை வேறு என்பதையே வற்புறுத்த விரும்புகின்றோம். வழிபாட்டிலுள்ள திருமேனி நாளும் நீராட்டப்பெற்றுத் துடைத்து உலர்த்தப்பெறுவதால் வெண்கல நோய்க்கு எளிதில் ஆளாகாது. அதற்குக் கொடுக்கும் விலை தேய்வு. பல நூறாண்டுத் தேய்ப்பினாற் கண்ணும் மூக்கும் மழுங்கிய திருமேனிகளை நாம் காணலாம். மண்ணினின்று வந்த திருமேனியோ கூர்மை குன்றாதது. ஆனால் உள்ளே நோயுற்றது. அதற்கு முதல்நாளே பாலும் இளநீரும் அபிடேகம் செய்யத் தொடங்கினால் துளைகளிலெல்லாம் ஈரமும் உப்பும் அமிலமும் நிறையும். மீண்டும் எழுந்தருளச் செய்வதாயின், முதலில் வல்லுநரிடம் காட்டிக் குளோரைட்டு நீக்கி உலர்த்திய பின்னரே அபிடேகம் தொடங்குதல் தக்கது. நோயுற்ற மூத்தோரை மருத்துவரிடம் காட்டிய பின்னன்றோ விழாவுக்கு அழைக்கின்றோம்.

இரும்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தில்லியிலே 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புத் தூணை எல்லோரும் அறிவர். அவ்விரும்பில் மிகுந்துள்ள பொசுபரசு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியதே அதன் நிலைபேற்றுக்குக் காரணம் என ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். எல்லா இரும்பும் அத்தகைய பேறு பெற்றதன்று. நம் மலைநாட்டின் தென்சரிவிலே சமனலவாவியிற் பருவக்காற்றைத் துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகளை ஆய்வாளர் கில் யூலெப் கண்டு 1996இல் உலகுக்கு அறிவித்தார். அவற்றின் காலம் ஏழாம் நூற்றாண்டு முதற் பதினோராம் நூற்றாண்டு வரை. இரும்பைப் பிறப்பித்த அப்பருவக்காற்றே அதனை மண்ணாக்கும் ஈரத்தையும் கொணர்கின்றது. இரும்பின் துரு செம்பின் களிம்புபோலக் கவசமாவதில்லை. ஏடேடாகப் பிரிந்து உதிர்ந்து உள்ளிருப்பதையும் உண்ணும். ஆதலின் பழைய இரும்புப் பொருளுக்குக் காலந்தாழ்த்தல் ஆகாது.

கண்டி மாநகரைச் சார்ந்த ஓர் அரும்பொருளையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 1745ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்டு, லெவ்கே திசாவையாற் கண்டியரசனுக்குக் காணிக்கையாக அளிக்கப்பட்ட அலங்காரப் பீரங்கி ஒன்று, 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கவரப்பட்டு ஒல்லாந்து சென்றது. அம்சிற்றர்டாமின் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த அது, இருநாட்டு அறிஞரும் கூடி அதன் வரலாற்றை ஆராய்ந்து உறுதிசெய்தபின், வேறு ஐந்து ஆயுதங்களோடு 2023இல் இலங்கைக்கு மீண்டது. வெண்கலத்தின்மேற் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த இத்தகைய பொருளைப் பேணுதல் மிகக் கடினம். வெண்கலம் பச்சை பூக்கும். வெள்ளி காற்றின் கந்தகத்தாற் கறுக்கும். இருவேறு உலோகங்கள் ஈரத்திடையே ஒன்றையொன்று தொடின் அவற்றுள் ஒன்று விரைந்து அரிக்கப்படும். பொற்பூச்சோ ஒரு துலக்கலில் நீங்கிவிடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். பொருள் நம் கைக்கு மீண்டது பாதிப் பணி. அது நிலைக்கச் செய்வதே மறுபாதி.

அரசர்தம் பீரங்கிக்கும் சோழர்தம் திருமேனிக்கும் காவலர் உளர். காவலரில்லாத உலோகங்கள் நம்மிடையே உள்ளன. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது, 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டியரசு பிரித்தானியர் கைப்பட்டு உடன்படிக்கை எழுந்த நாள் அது. மலைநாட்டிலே காப்பித் தோட்டங்கள் எழுந்ததும், தென்னகத்திலிருந்து நம் முன்னோர் நடந்து வந்ததும் அந்நாளுக்குப் பின்னர். புசல்லாவையை அடுத்த ரொத்சைல்ட் தோட்டத்திலே 1841ஆம் ஆண்டளவிற் காப்பியும், சீனத்திலிருந்து வந்த தேயிலை நாற்றும் நடப்பட்டன. அந்த வரையறையின்படி நோக்கின், நம் மக்கள் இங்குக் கொணர்ந்ததும் செய்ததும் ஆகிய எதுவும் தொல்பொருளாகாது. சட்டத்தின் எல்லை எங்கு நிற்பினும், வரலாற்றின் எல்லை அங்கு நிற்பதன்று.

அவ்வுலோகங்கள் யாவை? காப்பிக் காலத்திற் கூலிக்கு ஈடாகக் கொடுத்த செப்பு, பித்தளை வில்லைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்கு வந்த தொழிலாளர் தம் தோட்டத்தின் எண்ணும் தம் எண்ணும் பொறித்துக் கழுத்தில் அணிந்து வந்த தகரத் துண்டுகள். தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் முருகன் கோயில்களிலும் தொங்கும் பழைய மணிகள், வேல்கள், தூண்டாமணி விளக்குகள். ஊரிலிருந்து தலைச்சுமையாக வந்த செம்புக் குடங்கள், காமாட்சி விளக்குகள். கவ்வாத்துக் கத்திகள். கம்பளையரசர் காலத்து இலங்காதிலக விகாரையிலே, 1344ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டிய எழுத்துக்கள் பாறைமீது நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர்க்குப் பாறையில் எழுத்து வெட்டிக்கொடுத்தவர் யார்? அவர்தம் பெயர்கள் துரைமாரின் கணக்கேடுகளில் எண்களாகவே நின்றன. ஒரு கோயில் மணியின் விளிம்பிற் பொறித்த உபயகாரர் பெயரும் ஆண்டும், ஒரு குடத்தின் கழுத்திற் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெண்ணொருத்தியின் பெயரும் அவர் எழுதிவைத்த வரலாறாக எஞ்சியிருத்தல் கூடும்.

இவை இன்று மூன்று வழியால் அழிகின்றன. ஈரம் தின்பது ஒரு வழி. திருவிழாவுக்கு முன்னாள் புளியும் மணலும் கொண்டு எழுத்துத் தேயத் துலக்குவது மற்றொரு வழி. பழைய இரும்பும் பித்தளையும் வாங்க வருபவரிடம் எடைக்கு எடை விற்று, உருக்கிப் புதியதாக்குவது மூன்றாம் வழி. முதலது இயற்கை; பின்னவை இரண்டும் நம் கையால் நிகழ்வன. புதிய மணி வாங்கும் ஆர்வத்திற் பழைய மணியை ஈடாகக் கொடுத்துவிட்டால், அதிற் பொறித்த பெயரை எந்த ஆய்வுகூடமும் மீட்டுத் தராது.

ஆய்வுகூடமும் மின்கலமும் நம் ஊரில் இல்லை. ஆயினும் இத்துறை அறிஞர் முதலிற் கற்பிப்பன பலவும் பொருட்செலவு வேண்டாதவை. பழம்பொருள் கிடைத்தால் கழுவாதிருத்தல். எழுத்துண்டாயின் துலக்குமுன் படமெடுத்துப் படியெழுதி வைத்தல். வியர்வையின் உப்புப் படாவண்ணம் துணியுறையிட்டுத் தொடுதல். ஈரமுறிஞ்சும் சிலிக்காக் களியிட்ட இறுகிய பெட்டியில் உலர வைத்தல். வெளிர்பச்சைப் பொடி தோன்றுகின்றதா என மாதந்தோறும் நோக்குதல். தோன்றின் அப்பொருளைப் பிறவற்றினின்றும் பிரித்து வைத்து நூதனசாலையாரிடமோ தொல்பொருட் டிணைக்களத்தாரிடமோ காட்டுதல். எங்கே யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்தல். இவற்றுள் இறுதியானதே தலையாயது. ஊரும் பேரும் அறியப்படாத பொருள் எவ்வளவு துலங்கினும் ஊமையே.

கல்லூரி மாணவர் இதனை மேற்கொள்ளுதல் எளிது. ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்துக் கோயில் மணியிற் பொறித்துள்ள எழுத்தை மென்றாளிற் கரிக்கோலால் ஒற்றிப் படியெடுத்து வருவராயின், ஓர் ஆண்டிற்குள் மலைநாட்டுக் கோயில்களின் காலவரிசைக்கு அடிப்படை ஒன்று கிடைத்துவிடும். மணியை இறக்கவோ துலக்கவோ வேண்டுவதில்லை. பூசகரின் இசைவும், ஒரு தாளும், ஓர் ஏணியும் போதும்.

செம்பின் களிம்பு செம்போடு பிறந்தது என்றனர் முன்னோர். அதனை முற்றும் ஒழித்தல் அரிது, ஒழிக்க வேண்டுவதுமில்லை. அழிக்கும் களிம்பை நீக்கி, காக்கும் களிம்பை நிறுத்தி, அதனுட் பதிந்த எழுத்தையும் கைவண்ணத்தையும் அடுத்த தலைமுறையினர் படிக்குமாறு விட்டுச் செல்லுதலே அறிவுடையார் செயல். பொலன்னறுவையின் ஆடவல்லானுக்கு அப்பணியைச் செய்ய அறிஞர் பலர் உளர். தோட்டத்து மணிக்கும் தகரத் துண்டுக்கும் அதனைச் செய்ய வேண்டியவர் நாமே.